சீனாவிலிருந்து ஊருக்கு என்ன வாங்கிப் போவது? அசல் எது?

நெய்தல்:
ஹாங்சோவில் வேலை முடிந்து அடுத்த மாதம் மதுரை திரும்புகிறேன். அம்மா, சித்தி, அலுவலக நண்பர்கள் என்று பட்டியல் நீளம். இங்கே எந்த ஊர் சுற்றுலாத் தெருவுக்குப் போனாலும் அதே விசிறி, அதே சாவிக்கொத்து, அதே டிராகன் பொம்மைதான். சீனாவுக்கே உரிய அசல் பொருளாகக் கொடுக்க ஆசை. பணம் அளவாகத்தான் இருக்கிறது, பையில் இடமும் குறைவு. என்ன வாங்கலாம்?

பீங்கான்_பித்தன்:
அந்த விசிறியும் சாவிக்கொத்தும் பெரும்பாலும் யிவு என்ற ஊரின் மொத்தச் சந்தைச் சரக்கு. அதனால்தான் எல்லா ஊரிலும் ஒரே முகம். பொருள் பிறந்த ஊரிலேயே வாங்குங்கள். பீங்கான் என்றால் ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்டெஜென். ஹாங்சோவிலிருந்து அதிவேக ரயிலிலேயே போய்விடலாம். அங்கே தாவ்ஷிச்சுவான் என்ற பழைய பீங்கான் ஆலை வளாகத்தில் வார இறுதியில் இளம் கலைஞர்கள் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்கிறார்கள்.

கிண்ணத்தைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். தூரிகையால் வரைந்த நீலக்கோடு ஓரிடத்தில் அடர்ந்திருக்கும், இன்னோரிடத்தில் வெளிறியிருக்கும். அச்சடித்த படத்தாளை ஒட்டியதில் நிறம் ஒரே சீராக இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். சுற்றிவரும் பூவேலை முடிகிற இடத்தில் கொடி சரியாகச் சேராமல் துண்டாக நிற்பதும் உண்டு. அப்படி ஒட்டியதைக் கைவேலை என்று சொல்லிக் கொடுத்தால் அது பரிசா?

குவாங்சோ_தமிழன்:
பித்தன் அண்ணா, உங்கள் ரசனையை மதிக்கிறேன், ஆனால் இதில் ஒத்துப்போக முடியாது. ஒரே கலைஞர் தனியாக உட்கார்ந்து செய்தால்தான் அசல் என்றால் ஜிங்டெஜென் வரலாறே அடிபட்டுப் போகும். தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712-இல் அங்கிருந்து எழுதிய கடிதத்தில், ஒரு பாத்திரம் 70 பேர் கைமாறி உருவாகிறது என்று சொல்கிறார். விளிம்புக்கோடு போடுபவர் அதை மட்டும் போடுவார், பூ வரைபவர் வேறு, வண்ணம் நிரப்புபவர் வேறு. அந்தக் காலத்திலேயே அது ஆலை ஊர். ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பிய ஊர்.

நெய்தல், சீனர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கு வாங்கிப் போவதையே நீங்களும் வாங்குங்கள். தெருமுனைச் சூப்பர் மார்க்கெட் போதும். ஷாங்காயில் 1959 முதல் வரும் வெள்ளை முயல் பால் மிட்டாய், சிச்சுவான் மிளகு, நல்ல மூங்கில் சாப்ஸ்டிக். இதில் ஏமாற்று எங்கே வரும்?

மலர்விழி_சுசோ:
முயல் மிட்டாய் நல்ல யோசனைதான். உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய தாளையும் சேர்த்தே சாப்பிடலாம், அது அரிசித்தாள். ஆனால் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். சைவ வீடுகளுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள், அப்புறம் மனவருத்தம் வேண்டாம்.

பீங்கான்_பித்தன்:
தம்பி, 70 கை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த எழுபதும் தேர்ந்த கை. என் சண்டை இயந்திரத்தோடு இல்லை, பொய்யோடு. போன வருடம் சுட்ட கிண்ணத்தின் அடியில் ‘காங்ஷி காலத்தில் செய்தது’ என்று முந்நூறு வருடம் முந்திய பேரரசரின் பெயரை எழுதிப் பழம்பொருள் விலை சொல்கிறார்களே, அதை என்னவென்பது?

குவாங்சோ_தமிழன்:
காங்ஷி காலக் குயவர்களே தங்கள் பாத்திரத்தில் அதற்கு இருநூறு வருடம் முந்திய செங்ஹுவா பேரரசரின் பெயரை எழுதியிருக்கிறார்கள் அண்ணா. முன்னோர் வேலைக்குச் செய்யும் மரியாதை அது. முத்திரை பழசு என்பதற்காகப் பொருள் போலி ஆகாது, விலைதான் போலி. புதுக் கிண்ணம் என்று தெரிந்து புதுக் கிண்ணத்தின் விலை கொடுத்தால் என்ன தவறு?

பீங்கான்_பித்தன்:
அதைச் சரி என்கிறேன். ஆனால் புதிதாக வருபவருக்கு அந்த விலை எப்படித் தெரியும்? நெய்தல், ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். யாராவது ‘சிங் வம்சத்துச் சாமான்’ (சீனாவின் கடைசி அரச வம்சம்) என்று காட்டினால் கையே வைக்காதீர்கள். பொய்யானால் பணம் போச்சு. மெய்யானால் இன்னும் சிக்கல்: 1911-க்கு முந்தைய கலைப்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துப்போகச் சீனச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. தந்தமும் வேண்டாம். 2017 இறுதியோடு தந்த வியாபாரமே அங்கே தடை.

தேயிலை_நேசி:
ஹாங்சோவில் இருந்துகொண்டு யாரும் லோங்ஜிங் என்ற பச்சைத் தேயிலையைப் பற்றிப் பேசவில்லையே! மேற்கு ஏரியைச் சுற்றியுள்ள மலைச்சரிவில் விளைவது. ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் திருநாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் மதிப்பு அதிகம். சூடான வாணலியில் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வறுப்பதால் இலை தட்டையாகிவிடும். எடை இல்லை, உடையாது, ஊர்ப்பெயர் சொல்லும். இதைவிட அசல் வேண்டுமா?

குவாங்சோ_தமிழன்:
அக்கா, மதுரையில் அம்மா அதைப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தால்? கொடுக்கும் பொருள் அசலாக இருந்து வாங்குபவருக்குப் பயன்படாவிட்டால் அது அலமாரியில் தூங்கும். அவ்வளவு விலை கொடுத்த கொழுந்து வீணாவதில் எனக்கு உடன்பாடில்லை.

தேயிலை_நேசி:
நியாயமான கேள்வி. கொதிநீர் கொஞ்சம் ஆறியபின் ஊற்ற வேண்டும் என்று பக்கத்தில் இருந்து செய்துகாட்ட முடியும் என்றால் லோங்ஜிங் வாங்குங்கள். இல்லையென்றால் ஃபூசோ நகரத்து மல்லிகைத் தேயிலை. தேயிலையையும் அன்று பறித்த மொட்டையும் கலந்து வைப்பார்கள். இரவில் மொட்டு விரிய விரிய வாசம் இலைக்கு ஏறும். பூவைச் சலித்து எடுத்துவிட்டு மறுபடி புது மொட்டு. நல்ல சரக்குக்கு இப்படிப் பலமுறை. மதுரைக்காரர்களுக்கு மல்லிகை வாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்தி டப்பாவைத் திறந்ததுமே பிடித்துப்போகும்.

மலர்விழி_சுசோ:
பட்டு வாங்கினால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். ஜேடு என்ற விலையுயர்ந்த கல்லில் செய்த வளையல் பக்கமே போகாதீர்கள். அமிலத்தில் ஊறவைத்துப் பிசின் ஏற்றியதும் சாயம் போட்டதும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ‘ஹெதியன் ஜேடு’ என்ற பெயர்கூட ஹெதியன் இருக்கும் ஷின்ஜியாங் பகுதியில் கிடைத்ததற்கு மட்டும் உரியதில்லை. சிங்ஹாய் மாகாணத்துக் கற்களையும் ரஷ்யக் கற்களையும் அந்தப் பெயரில் விற்கச் சீனத் தரநிலையே இடம் கொடுக்கிறது.

குவாங்சோ_தமிழன்:
பாருங்கள், பிறந்த ஊர் என்ற பித்தன் அண்ணாவின் விதி ஜேடில் நிற்கவில்லை.

பீங்கான்_பித்தன்:
ஜேடில் அந்த விதியைக் கைவிட்டதால்தான் வாங்குபவர் திண்டாடுகிறார். நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

நெய்தல், அலுவலக நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கல் முத்திரை. ஹாங்சோ இருக்கும் செஜியாங் மாகாணத்துச் சிங்தியான் கல் மென்மையானது, செதுக்க எளிது. மேற்கு ஏரிக்கரையில் 1904-இல் தொடங்கிய ஷிலிங் முத்திரைச் சங்கம் இருக்கிறது. அந்தக் கலைக்கு ஹாங்சோதான் வீடு. பெயரைக் கொடுத்தால் கண்முன்னே செதுக்குவார்கள். இதில் யிவுவும் இல்லை, வயதைப் பற்றிய பொய்யும் இல்லை.

நெய்தல்:
அம்மாவுக்கும் சித்திக்கும் மல்லிகைத் தேயிலை, நெருங்கிய நண்பர்களுக்கு முத்திரை, மற்றவர்களுக்கு மிட்டாய் என்று முடிவு செய்துவிட்டேன். ஜிங்டெஜென் போக விடுப்பு கிடைக்குமா என்று பார்க்கிறேன். கிடைத்தால் பூதக்கண்ணாடியோடு போவேன்.

குவாங்சோ_தமிழன்:
போனால் அச்சு ஒட்டிய தினசரிக் கிண்ணத்தையும் நாலு வாங்குங்கள். அந்த ஊர்க்காரர் சோறு சாப்பிடுவதும் பெரும்பாலும் அதில்தான்.

பீங்கான்_பித்தன்:
வாங்குங்கள், கைவேலை என்று மட்டும் சொல்லாதீர்கள். முத்திரையைத் தொட்டுப் பதிக்க அதோடு வரும் சிவப்புப் பசையில் எண்ணெய் உண்டு, டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டித் தனிப் பையில் போடுங்கள். சில வகைகளில் பாதரசம் சேர்ந்த சிந்தூரம் இருக்கும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.