கவுன்சில்ல இருந்து ஆள் வந்தா பயப்படாதீங்க: இங்கிலாந்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு

நேத்து ஒரு தம்பி கேட்டிருந்தார். "அக்கா, குழந்தை பொறந்து பத்து நாள் ஆச்சு. ஹெல்த் விசிட்டர்னு ஒருத்தங்க புதன்கிழமை வீட்டுக்கு வர்றாங்களாம். நாங்க கூப்பிடவே இல்ல. ஒரே ரூம் வீடு. குழந்தையை எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு மாமியார் அழுறாங்க. வேண்டாம்னு சொன்னா விசாவுக்குச் சிக்கல் வருமா?"

சிரிக்கல தம்பி. ஏழு வருஷம் முன்னாடி எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். மூத்தவ பொறந்த பன்னிரண்டாவது நாள். வர்றாங்கன்னு தெரிஞ்சதும் எங்கம்மா விடியக்காலையிலயே எழுந்து வீட்டைத் துடைச்சு, காயப்போட்ட துணியெல்லாம் சுருட்டி அலமாரியில திணிச்சு, எனக்குப் புதுப் புடவை கட்டிவிட்டாங்க. வந்தவங்க ஷூவைக் கழட்டிட்டு தரையில உக்காந்து, பையில இருந்து எடைமெஷினை எடுத்து விரிச்சாங்க. குழந்தை துணியை எல்லாம் கழட்டச் சொல்லி எடை போட்டு, சிவப்புப் புத்தகத்துல, அதான் குழந்தையோட உடல்நலப் பதிவுப் புத்தகம், இருக்கிற வளர்ச்சிக் கோட்டுல ஒரு புள்ளி வச்சாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ எப்படி இருக்கே? தூங்குறியா?"ன்னு கேட்டாங்க. அந்தப் பன்னிரண்டு நாள்ல அதைக் கேட்ட முதல் ஆள் அவங்கதான். நான் அழுதுட்டேன். வீடு சுத்தமா இருந்துச்சான்னு யாரும் பாக்கல.

ஹெல்த் விசிட்டர்னா நர்ஸாவோ மிட்வைஃபாவோ இருந்து, அதுக்கு மேல தனியா படிச்சவங்க. எல்லா வீட்டுக்கும் வருவாங்க, வெள்ளைக்காரங்க வீட்டுக்கும்தான். கர்ப்பத்துல 28 வாரத்துக்கு அப்புறம் ஒரு தடவை, பொறந்து 10-14 நாள்ல, 6-8 வாரத்துல, ஒரு வயசை ஒட்டி, ரெண்டு ரெண்டரை வயசுல. மொத்தம் அஞ்சு. கடைசிச் சந்திப்பைத் தவறவிடாதீங்க. பேச்சு, நடை, விளையாட்டு எல்லாத்துக்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கும். பேச்சு தாமதமா வர்ற குழந்தைக்கு அங்கதான் சீக்கிரமா வழி திறக்கும். வீட்டுல ரெண்டு மொழி பேசுறதாலதான் பேச்சு வரலைன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க.

இந்தச் செலவு கவுன்சிலோடது, அதாவது உள்ளூர் நிர்வாகத்தோடது. கவுன்சில்னா குப்பை எடுக்கும், பார்க்கிங் அபராதம் போடும், மாசாமாசம் டாக்ஸ் வாங்கும், அவ்வளவுதான்னு நானும் நினைச்சேன். 2013 ஏப்ரல்ல இருந்து நோய் வராம தடுக்கிற வேலையில பெரும்பகுதி அவங்க கையில. 2015 அக்டோபர்ல அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளும் அதுல சேந்தாங்க. இங்க ஒரு குழப்பம் வரும்: சில ஊர்கள்ல ரெண்டு அடுக்குக் கவுன்சில். அப்படி இருந்தா ஹெல்த் விஷயம் கவுண்டி கவுன்சில்ல, குப்பையும் வீட்டுப் புகாரும் டிஸ்ட்ரிக்ட்ல. லண்டன் பரோவுல (லண்டனோட உள்ளூர் கவுன்சில் பகுதி) எல்லாம் ஒரே இடம்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல ஏற்பாடே வேற, நான் சொல்றது இங்கிலாந்துக்கு.

தம்பி, உங்க குழந்தைக்கு இன்னொண்ணு. பிசிஜி ஊசி இங்க எல்லாக் குழந்தைக்கும் போட மாட்டாங்க, 2005லயே நிறுத்திட்டாங்க. ஆனா அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது டிபி (காசநோய்) அதிகம் உள்ள நாட்டுல பொறந்திருந்தா குழந்தைக்கு உண்டு. இந்தியா, இலங்கை ரெண்டுமே அதுல வரும். பொறந்து ஒரு மாசம் வாக்குல அவங்களே உங்களைக் கூப்பிடணும். கடிதம் வரலைன்னா விட்டுடாதீங்க, புதன்கிழமை வர்றவங்ககிட்டயே கேளுங்க.

ஊர்ல இருந்து குழந்தையோட வந்தவங்க தடுப்பூசி அட்டையை கைப்பையில கொண்டு வாங்க, கார்கோ பெட்டியில இல்ல. நம்பகமான பதிவு இல்லைன்னா போடாத குழந்தைன்னு வச்சுத்தான் இங்க கணக்கை ஆரம்பிப்பாங்க. ஸ்கூல்ல மூக்குல அடிக்கிற ஃப்ளூ மருந்துல பன்றி ஜெலட்டின் இருக்கு. வேண்டாம்னா சம்மதப் படிவத்துல எழுதுங்க, ஊசியா கிடைக்கும்.

வைட்டமின் டி: நம்ம தோல் நிறத்துக்கு இந்த ஊர் வெயில் போதாது. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம், குளிர்காலத்துல மட்டும் இல்ல, வருஷம் முழுக்க எடுக்கிறது நல்லதுன்னுதான் கருமையான தோல் உள்ளவங்களுக்கு இங்க சொல்றாங்க. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குச் சொட்டு மருந்து. சில கவுன்சில் இலவசமாவே குடுக்குது.

இப்ப 40 தாண்டினவங்களுக்கு. 40ல இருந்து 74 வரை, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இலவச ஹெல்த் செக் உண்டு. ஏற்கனவே சர்க்கரை, பிபி, இதயம், கிட்னின்னு வைத்தியத்துல இருந்தா இது கிடையாது, உங்களைத்தான் ஏற்கனவே பாத்துக்கிட்டிருக்காங்களே. ஜிபியில (நீங்க பதிவு பண்ணிக்கிற குடும்ப டாக்டர் கிளினிக்), பார்மசியில, சில இடத்துல லைப்ரரியில கூட நடக்கும். அரை மணி நேரம்: பிபி, இடுப்புச் சுத்தளவு, கொலஸ்ட்ராலுக்கு விரல் நுனியில ஒரு குத்து. முடிவுல, அடுத்த பத்து வருஷத்துல மாரடைப்போ பக்கவாதமோ வர்ற வாய்ப்பு இத்தனை சதவீதம்னு ஒரு எண் சொல்வாங்க. 10 தாண்டினா கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை பத்திப் பேச்சு வரும்.

எண்கள்தான் நம்மளைக் குழப்பும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையோட மூணு மாசச் சராசரி 43ன்னு வந்துச்சு. போன்ல சொன்னதும் மாமனார், "நாப்பத்து மூணா? உடனே ஏதாவது இனிப்பு குடும்மா"ன்னு சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சுன்னு நினைச்சுப் பதறிட்டார். ஊர்ல அதே எச்பிஏ1சி 6.1 சதவீதம்னு வரும். இங்க அளவு வேற. 42ல இருந்து 47 வரைக்கும் எல்லைக்கோடு, ஊர்க் கணக்குல 6.0 - 6.4. 48ன்னா சர்க்கரை நோய். எல்லைக்கோட்டுல இருந்தா ஒன்பது மாச வகுப்பு உண்டு, அதுவும் இலவசம். அவர் முனகிக்கிட்டேதான் போனார். கொலஸ்ட்ரால் 5ன்னு வந்தா ஊர்க் கணக்குல கிட்டத்தட்ட 193. பிஎம்ஐக்கும், அதான் உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு, தெற்காசியக்காரங்களான நமக்குத் தனிக் கோடு: 23 தாண்டினாலே எடை கூடுதல், 27.5ல உடற்பருமன். நெட்ல 25ன்னு பாத்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க.

ஸ்கூல்ல ரிசப்ஷன்லயும் (நாலஞ்சு வயசுல சேர்ற முதல் வகுப்பு) ஆறாம் வருஷத்துலயும் உயரம், எடை எடுப்பாங்க. அப்புறம் உங்க பொண்ணு எடை அதிகம்னு கடிதம் வரும். எனக்கு வந்தப்போ கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கடிதத்தோட தொனி இன்னைக்கும் எனக்குப் பிடிக்கல. ஆனா பக்கத்து ஹால்ல நடந்த இலவச வகுப்பு நல்லா இருந்துச்சு. அளக்கவே வேண்டாம்னா முன்கூட்டியே எழுதிச் சொல்லலாம்.

படிக்க வந்த பசங்களுக்கு ரெண்டு விஷயம். வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள, 16-35 வயசுன்னா டிபி ரத்தப் பரிசோதனைக்கு ஜிபி வழியா அழைப்பு வரலாம். "விசாவுக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தோமே"ன்னு தள்ளிடாதீங்க. எக்ஸ்ரே நுரையீரல்ல ஏற்கனவே வந்துட்ட நோயைக் காட்டும், இந்த டெஸ்ட் உள்ள தூங்கிக்கிட்டிருக்கிற கிருமியைக் காட்டும். சின்ன வயசுல போட்ட பிசிஜியால முடிவு மாறாது. பாஸிட்டிவ்னா பெரும்பாலும் மூணு மாச மாத்திரை. விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது, பாலியல் நல கிளினிக். யாரும் போகலாம், காசு கிடையாது, ஜிபியில பதிவு பண்ணியிருக்கணும்னு கூட இல்ல. பொதுவா நீங்க சம்மதிக்காம ஜிபிக்கும் தகவல் போகாது. வெட்கப்பட்டுக்கிட்டு கூகுள் வைத்தியம் பாக்காதீங்க.

வாடகை வீட்டுச் சுவர்ல கறுப்பா பூஞ்சை பிடிச்சு குழந்தை இருமுதா? முதல்ல ஓனருக்கு எழுத்துல சொல்லுங்க, தேதியோட போட்டோ எடுத்து வைங்க. அசையலைன்னா கவுன்சில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. வந்து பாத்துச் சரிபண்ணச் சொல்லி உத்தரவு போட அவங்களுக்கு அதிகாரம் உண்டு. வீட்டுல சமைச்சு விக்கிறவங்களும் ஆரம்பிக்கிறதுக்கு 28 நாள் முன்னாடி கவுன்சில்ல பதிவு பண்ணணும். அதுக்குக் காசு இல்ல.

இதுல பல அழைப்பு ஜிபி பட்டியல் வழியாத்தான் வரும், அதனால முதல் வாரமே பதிவு பண்ணிடுங்க. எங்களை ஒரு இடத்துல முகவரிச் சான்று இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. விதிப்படி அது கட்டாயமே இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

தம்பி, வேண்டாம்னு சொன்னாலும் விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வரச்சொல்லுங்க. இன்னைக்கே போன் பண்ணி தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேட்டுடுங்க, இலவசம்தான். மாமியாரும் பக்கத்துல உக்காந்து நேரா கேக்கட்டும், நடுவுல நீங்க மொழிபெயர்க்காதீங்க. உங்க மனைவிக்குத் தனியா சொல்ல ஏதாவது இருக்கும், ஒரு பத்து நிமிஷம் கடைக்குப் போயிட்டு வாங்க.