போதையையும் வீடின்மையையும் சாடும் நையாண்டிப் பாட்டு: சிரிப்பு யார் மேல் விழ வேண்டும்?

கேள்வி (மஸ்கெலியா):
மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து முடிந்த பின், அது நடக்கும் அதே திடலான காமன் பொட்டலில் அரை மணி நேர நையாண்டிப் பாட்டு நாடகம் ஒன்றை நடத்த எங்கள் தோட்ட இளைஞர்கள் ஆயத்தமாகி வருகிறோம். எல்லாரும் அறிந்த மெட்டுகளில் புதிய சொற்களை ஏற்றி, பாடசாலைப் பிள்ளைகள் வரை வந்துவிட்ட ஐஸ், குடு (ஹெரோயின்) என்ற போதைப்பொருள்களையும், பஸ் நிலையத்தில் இரவைக் கழிக்கும் வீடற்ற மனிதரையும் பாடுகிறோம். ஆனால் ஒத்திகையில் குடுக்காரன் தள்ளாடி விழும் இடத்தில்தான் பலத்த சிரிப்பு எழுகிறது. விற்பவனைப் பற்றிய பாட்டுக்கு எவரும் சிரிக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் அன்று கூட்டத்தில் இருப்பார்கள். பாட்டின் கூர் மழுங்காமல் இந்தச் சிரிப்பைத் திருப்புவது எப்படி?

பதில் (பொகவந்தலாவை, ஆசிரியர்):
பாட்டை விற்பவனின் வாயில் கொடுங்கள், தம்பி. அவனைப் பற்றிப் பிறர் பாடினால் அது புகார். அவனே பாடினால்தான் நையாண்டி. தோட்டத்தை ஆளும் துரையையும் வேலை வாங்கும் கங்காணியையும் முகத்துக்கு நேரே ஏச முடியாத காலத்தில் நம் முன்னோர் மலையில் பாடி ஏசினார்கள். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் அந்தக் குறும்பை இன்றும் காணலாம். அங்கே உதைபட்டவனைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை.

தெரிந்த மெட்டில் அடுத்த சொல் என்னவென்று கேட்பவர் மனம் முந்திக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் வேறு சொல் வந்து விழும்போதுதான் சுருக்கென்று தைக்கும். ஆகையால் மெட்டு பிரபலமாக இருந்தால் மட்டும் போதாது, அதன் பழைய பொருளும் உங்கள் புதிய பொருளும் மோதிக்கொள்ள வேண்டும். தாலாட்டை எடுத்துப் பாருங்கள். பிள்ளையை யார் அடித்தார் என்று கேட்கும் அந்த மெட்டில் விற்பவன் பாடட்டும்:

மாமன் அடிக்கவில்லை, மல்லிகைப்பூச் செண்டுமில்லை,
கையில் கொடுத்தவன் நான், காசு பிறகு வாங்கிக்கிறேன்;
தூங்கடா என் தங்கமே, தோட்டமெல்லாம் தூங்கட்டுமே,
ஆளை எழுப்பாதே, அடுத்த லயம் போகவேணும்.

பையன் தள்ளாடவே வேண்டாம். பாடசாலைச் சீருடையோடு விற்பவனின் மடியில் படுத்திருந்தால் போதும்.

பதில் (நுவரெலியா, தாதி):
ஆசிரியர் ஐயா சொன்ன தாலாட்டு குடுவுக்குப் பொருந்தும், ஐஸுக்குப் பொருந்தாது. ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமின் தூக்கத்தையும் பசியையும் விரட்டிவிடும். அதைப் பாவித்தவர் நாட்கணக்கில் கண் மூடாமல், தாடையை இறுக்கிக்கொண்டு, இல்லாத சத்தத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். குடு கிடைக்காதவருக்கோ மூக்கொழுகும், கொட்டாவி வரும், எலும்பு நோகும், வயிறு போகும். நீங்கள் காட்டும் தள்ளாட்டம் தவறணை வாசலில் நிற்கும் குடிகாரனுடையது. வீட்டில் இந்தத் துன்பத்தை அனுபவித்தவர்கள் அந்தப் பொய்யை உடனே கண்டுகொள்வார்கள்.

ஐஸ் காட்சிக்கு, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்ட அடித்த பறையான பெரட்டுத் தப்பின் அடியைப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். விடியுமுன் பாட்டனை வேலைக்கு எழுப்பிய அந்தத் தப்பு, பேரனை உறங்கவே விடாமல் அடித்துக்கொண்டிருக்கட்டும்.

பதில் (கொஸ்லந்தை):
பஸ் நிலையத்து மனிதரைப் போதைப் பாட்டின் வாலில் கட்டிவிடாதீர்கள். வீடற்றவரெல்லாம் போதைக்காரர் என்ற எண்ணத்தை அது மேலும் உறுதியாக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று எங்கள் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் ஒடுங்கிக் கிடந்தார்கள். எந்தப் போதை அவர்கள் வீட்டைப் பறித்தது?

அமெரிக்காவில் 1911இல் ஜோ ஹில் என்ற தொழிலாளி, வேலை தேடி அலைந்த வீடற்றவர்களுக்காகத் தேவாலயப் பாட்டொன்றின் சொற்களை மாற்றிப் பாடினார். பசித்தவரை விட்டுவிட்டு, செத்த பின் சொர்க்கத்தில் சோறு கிடைக்கும் என்று சொன்ன போதகரையே அவர் கேலி செய்தார். நமக்கும் பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. பிழைக்க வழியின்றித் திரிபவரைக் குற்றவாளியாக்கும் கட்டளைச் சட்டத்தை வெள்ளையர் இங்கே 1841இல் இயற்றினார்கள். அதே காலத்தில்தான் கோப்பித் தோட்டங்களுக்காக நம் மக்களை மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்தி வந்தார்கள். ஆகவே அந்தச் சட்டத்தில் பிடிபட்ட பஸ் நிலையத்து மனிதரிடம் நீதவான் விலாசத்தைக் கேட்க, அவர் தோட்டத்தின் பெயர், மேற்கணக்கு என்ற தோட்டப் பிரிவு, லய இலக்கம், காம்பரா (அறை) இலக்கம் என்று வரிசையாகப் பாடிவிட்டு, "ஐயா, இதில் எதற்கு என் பெயரில் உறுதிப் பத்திரம் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கட்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தள்ளாடும் காட்சியை எடுத்துவிடுகிறோம். நீதவான் வருகைக்கு எந்த மெட்டு ஏற்றது?

பொகவந்தலாவை ஆசிரியர்:
பொன்னர் சங்கர் கூத்தில் அரசன் சபைக்கு வரும் வரவுப் பாட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.