ரெசிலியன்ஸ்: மீள்திறனா, தேறுதிறனா?

[கும்பகோணம் – மொழிபெயர்ப்பாளர்]

குழுமத்தாருக்கு வணக்கம்.

கடைமடை ஊர்களின் வெள்ள, புயல் ஆயத்தக் குழுக்களுக்கான கையேடு ஒன்று தமிழாகிறது. ஆங்கில மூலத்தில் 'ரெசிலியன்ஸ்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தமிழில் மீள்திறன், மீண்டெழும் திறன், தாங்குதிறன், நெகிழ்திறன் என்று நான்கு சொற்கள் புழங்குகின்றன. ஐ.நா. பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் தரும் வரையறையின் சாரம் இது: ஆபத்து தாக்கும்போது எதிர்த்து நிற்பது, உள்வாங்குவது, ஈடுகொடுப்பது, தகவமைவது, உருமாறுவது, காலத்தோடு மீள்வது. ஆறும் ஒரே சொல்லுக்குள் அடங்க வேண்டும். எனக்கு மீள்திறன் போதும் என்று படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.

[திருத்துறைப்பூண்டி – வேளாண்மை, பேரிடர் ஆயத்தம்]

> எனக்கு மீள்திறன் போதும் என்று படுகிறது.

போதாது அம்மா. முதல் காரணம் காது. 'மீட்புப் பணி', 'மீட்புப் படை', 'மீட்புப் படகு' என்று ஒவ்வொரு மழையிலும் கேட்டுப் பழகிய ஊரில் 'உங்கள் ஊரின் மீள்திறன் என்ன?' என்று கேட்டால், படகு எத்தனை, முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்றுதான் பதில் வரும். மீள்வது தானே செய்வது, மீட்பது பிறர் வந்து செய்வது. இலக்கணம் பிரித்தாலும் காது பிரிக்காது. ஊர் தன் காலில் நிற்பதைச் சொல்ல வந்த சொல், யாரோ வருவார்கள் என்று காத்திருக்க வைக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. மீள்வது என்றால் இருந்த இடத்துக்கே திரும்புவது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது சாய்ந்த கூரைவீட்டை அதே பள்ளத்தில், அதே கீற்றால் மறுபடி கட்டினால் அதுவும் மீண்டதுதான். 2015இல் ஏற்கப்பட்டு 2030 வரை நடப்பில் உள்ள, பேரிடர் அபாயக் குறைப்புக்கான ஐ.நா.வின் செண்டாய் கட்டமைப்பின் நான்காவது முன்னுரிமை 'முன்னைவிட நன்றாகக் கட்டு' என்கிறது. மீள்திறன் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது.

தாங்குதிறனைக் கட்டடக்காரர்கள் பளுவுக்கும், சூழலியலார் ஒரு நிலம் எத்தனை உயிரைத் தாங்கும் என்பதற்கும் எடுத்துக்கொண்டார்கள். நெகிழ்திறன் என்றாலே நெகிழிப் பை நினைவுக்கு வருகிறது.

வயலில் இதற்கு ஒரு சொல் ஏற்கனவே இருக்கிறது. சம்பா முழுகி, தண்ணீர் வடிந்ததும் வரப்பில் நின்று கேட்கும் முதல் கேள்வி: "பயிர் தேறுமா?" குத்தோடு ஒரு பயிரைப் பிடுங்கிச் சேற்றை அலசி, அடித்தண்டைப் பிளந்து பார்ப்பார்கள். குருத்து கெட்டியாக, வெளுப்பாக இருந்து, அடிக்கணுவில் புது வெள்ளை வேர் தெரிந்தால் தேறும். குருத்தை இழுத்ததும் கையோடு வந்து, வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் தேறாது.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். சாதாரண ரகம் முழுகியதும் காற்றைத் தேடி இலையை விறுவிறுவென நீட்டுகிறது. அதில் கையிருப்பு மாவுச்சத்து தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழுகிறது. சி.ஆர். 1009 சப் 1 போன்ற, வெள்ளம் தாங்கும் நெல் ரகத்தில் உள்ள சப் 1 மரபணு அந்த நீட்சியை அடக்கிவிடுகிறது. பயிர் வளராமல் காத்திருந்து, சேமிப்பை வைத்து மறுபடி துளிர்க்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் வரை இப்படித் தாக்குப்பிடிக்கும். கலங்கல் நீர் நின்றாலோ, பூக்கும் பருவத்தில் முழுகினாலோ இந்தக் கணக்கு செல்லாது.

வடிந்த பிறகும் வேலை இருக்கிறது. ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும். வேர் உறிஞ்சும் நிலையில் இருக்காது என்பதால்தான் இலைவழி. தண்ணீரை வடிக்காமல் வயலில் யூரியாவை வீசினால் காசுதான் கரையும். செத்த குத்துகளின் இடத்தில், தூர் கட்டிய குத்தைக் கலைத்து நட்டுப் பாடு நிரப்ப வேண்டும்.

விதைக்கும் முன் எடுத்த முடிவு, முழுகியபோது காத்த பொறுமை, வடிந்தபின் செய்த வேலை, பழைய ரகத்தை விட்டுப் புதியதற்கு மாறிய மாற்றம் எல்லாம் 'தேறுதல்' என்ற ஒரு வினையில் வருகின்றன. என் முன்மொழிவு: தேறுதிறன்.

[மயிலாடுதுறை – தமிழாசிரியர், பணி நிறைவு]

சொல்லமைப்பில் குறை இல்லை. தேறு + திறன் வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. 'தேறுத்திறன்' என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்காலமும் அடங்கியது: தேறிய ஊர், தேறுகிற ஊர், தேறும் ஊர். தேறு தன்வினை, தேற்று பிறவினை. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் இரண்டு தடை சொல்வேன். ஒன்று, 'தேறுதல்' என்றதும் சாவு வீட்டு ஆறுதல் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் தேர்வு முடிவு. இரண்டு, தேறுவது நடந்து முடிந்தபின் தெரிவது. கையேடு கேட்பதோ வருமுன் இருக்க வேண்டிய பண்பு.

[திருத்துறைப்பூண்டி]

புலவர் ஐயாவுக்கு வணக்கம். தேற்றாங்கொட்டையை நினைவூட்டியதற்கு நன்றி. கையேட்டின் குடிநீர்ப் பக்கத்துக்கு அது வேண்டும், ஒரு எச்சரிக்கையோடு: பானையின் உட்புறம் கொட்டையை உரசினால் கலங்கல் அடியில் படியும், கிருமி சாகாது. தெளிந்த நீரை இறுத்து, குளோரின் கலந்து, 30 நிமிடம் விட்டுத்தான் குடிக்க வேண்டும். அந்த அரை மணிக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கலிலேயே குளோரினைக் கொட்டினால் சேறு அதைத் தின்றுவிடும்.

முதல் தடைக்கு: தேர்வு நினைவுக்கு வருவது நல்லதுதான். 'இந்தப் பிள்ளை தேறுவான்' என்பது பரீட்சைக்கு முன்னால் சொல்லும் பேச்சு. பிள்ளை படித்திருக்கிறான் என்பதை வைத்துச் சொல்வது. இரண்டாவது தடைக்கும் அதுவே விடை.

ஊர் எப்படிப் படித்திருக்கிறது என்பதை வடிகாலில் பார்க்கலாம். வெங்காயத் தாமரையையும் நெய்வேலி காட்டாமணக்கையும் ஐப்பசி அடைமழைக்கு முன் எடுத்திருக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் முதல் பெருமழை திருப்பி உள்ளே தள்ளி, அடுத்த மதகை அடைக்கும். வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தினால்தான் எடுத்ததாகக் கணக்கு. கடலோர ஒழுங்கிகளில், அதாவது ஷட்டர் வைத்த மதகுகளில், கடல் ஏற்றத்தின்போது ஷட்டரை இறக்காவிட்டால் உப்புநீர் வயலுக்குள் ஏறும். கடல் வற்றத்தில் தூக்காவிட்டால் மழைநீர் வடியாது. நாளுக்கு இரண்டு வற்றம்தான். திருகுத்தண்டு துருப்பிடித்துத் தூக்க முடியாமல் ஒரு வற்றம் தவறினால் அடுத்ததற்குப் பாதி நாள் காத்திருக்க வேண்டும், அத்தனை நேரமும் பயிர் தண்ணீருக்குள். கிரீஸ் தடவிய தண்டும், ராத்திரியில் ஷட்டரைத் தூக்கப் போகும் ஆளும் அந்த ஊரின் தேறுதிறன். புயல் சின்னம் உருவாகுமுன்பே எண்ணிப் பார்த்துவிடலாம்.

இன்னொரு பொருளையும் விட்டுவிட்டோம். "செலவு போக என்ன தேறும்?" என்று களத்தில் கேட்கிறோமே, அதுவும் இந்தச் சொல்தான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கஜாவில் விழுந்த தென்னைக்குப் பதில் நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம். வீடு எழுந்துவிட்டது, வருமானம் எழவில்லை. 'மீண்டாயிற்று' என்று குறித்துவிட்டால் அந்தக் குடும்பம் கணக்கிலிருந்து நழுவிவிடும். 'என்ன தேறிற்று?' என்று கேட்டால் நழுவாது.

[கும்பகோணம்]

இருவருக்கும் நன்றி. தேறுதிறன் என்றே போடுகிறேன். மீள்திறன் ஏற்கனவே பரவியிருப்பதால் முதல் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் அதையும் தருவேன். 'ரெக்கவரி'க்கு மீட்சி, 'ரெஸ்கியூ'வுக்கு மீட்பு. 'பேரிடர் இடர்க் குறைப்பு' என்பதில் இடர் இரண்டு முறை வந்து இடறுவதால் 'பேரிடர் அபாயக் குறைப்பு' என்பதையே வைத்துக்கொள்கிறேன்.

கையேட்டில் ஊராரிடம் கேட்கும் வினாத்தாளின் ஏழாவது கேள்வி 'உங்கள் ஊரின் மீள்திறனை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுக' என்று இருந்தது. அதை எடுத்துவிட்டேன். புதுக் கேள்வி: "மூணு நாள் தண்ணி நின்னா உங்க தெருவுல எது எது தேறும், எது தேறாது?"