நிறுவனங்கள் கூடிச் சேவை செய்த நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

மாடிப்படி:
எங்கள் வட்டாரத்து நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் சேவை நாளில் முதியோர் இல்லத்துக்குப் போனோம். நிறுவனத்துக்கு ஒரு நிறத்தில் பனியன், பொதுவாக ஒரு பதாகை. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குழுப்படம் எடுக்கும் நேரத்தில், யாருடைய சின்னம் நடுவில் இருக்க வேண்டும் என்று இரண்டு மேலாளர்களுக்குள் பேச்சு வந்துவிட்டது. கட்டிய பதாகையை அவிழ்த்து மாற்றிக் கட்டினார்கள். அதுவரை முதியவர்கள் வெயிலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, சிரித்தது போதுமா, இன்னும் சிரிக்க வேண்டுமா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சாவிக்கொத்து:
நான் எதிர்ப்பக்கத்து ஆள். சிறுவர் இல்லமொன்றில் அலுவலகப் பொறுப்பு. வருகிற நிறுவனங்களுக்கெல்லாம் சுவருக்கு வண்ணம் பூசத்தான் ஆசை. எத்தனை பேர் வந்தாலும் ஆளுக்கொரு தூரிகை கொடுத்துவிடலாம், முன்னும் பின்னும் படம் எடுக்கலாம். பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிவிட்டுப் போனால், உரிந்து விழுவதை நாங்கள் பெருக்க வேண்டும். சரி, அதுகூடப் போகட்டும். படுக்கை அறைக் கதவை ஒட்டி, ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம். பெயரும் தேதியும் இருந்தன. நான் விருந்தினருக்கான பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் அந்த இடம் பளிச்சென்று நீலமாகியிருந்தது. பூசியவர் நல்ல மனிதர். “அழுக்காக இருந்தது, சுத்தமாக்கிவிட்டோம்” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

நேர்கோடு:
சாவிக்கொத்து அவர்களே, வருத்தம் புரிகிறது. ஆனால் பழி முழுவதும் வந்தவர்கள் மேல் விழக் கூடாது. இத்தகைய நாள்களைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தேவைப் பட்டியலை இல்லம்தான் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தொடக் கூடாத இடங்களை நாடா ஒட்டி மறித்துவிட வேண்டும். நிறுவனங்கள் பலவாக இருந்தாலும் இல்லத்தோடு பேசுபவர் ஒருவராக இருப்பது நல்லது. நிறுவனத்துக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்தால் உங்கள் ஒரு வாரம் அதிலேயே போய்விடும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வெளியாள் எவரும் அவர்களோடு தனியாக இருக்கக் கூடாது, முகம் தெரியும் படத்துக்கு முன்அனுமதி வேண்டும். யாருக்காவது அடிபட்டால் காப்பீடு யாருடையது என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய சின்னம் நடுவில் என்று மாடிப்படி சொன்ன சண்டைக்கு வழி எளிது: பதாகையே வேண்டாம். இன்னொன்று, எல்லாரும் டிசம்பர் 5 அன்றே வந்து குவியாதீர்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985இல் அதைத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது உண்மைதான், அதற்காக மார்ச்சில் உதவி தேவைப்படாது என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது சின்னக் கதைதான். இரண்டு கூட்டமைப்புகள் ஒரே காலையில் ஒரே இல்லத்து வாசலில் வந்து நின்று, யார் உள்ளே போவது என்று முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள்.

சாவிக்கொத்து:
பட்டியல் அனுப்பினோம் ஐயா. அதன் முதல் வரி கழிவறைக் குழாய்க் கசிவு. “அது குழுவாகச் செய்கிற வேலை இல்லையே” என்று பதில் வந்தது.

கிடங்கு மூலை:
எல்லாமே மோசம் இல்லை. சந்தையில் எங்களோடு மோதும் நிறுவனமும் நாங்களும் சேர்ந்து, நன்கொடை உணவைத் திரட்டித் தேவைப்படுவோருக்குத் தரும் ஓர் உணவு வங்கியின் கிடங்கை ஒழுங்குபடுத்தினோம். வண்ணம் பூசத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது அடுக்குவதுதான். அங்கே வந்த தேதிப்படி அடுக்கியிருந்தார்கள். விலைக்கு வாங்கும் சரக்குக்கு அது ஓரளவு சரிப்படும். நன்கொடையில் இன்று வருகிற பெட்டி அடுத்த வாரமே காலாவதியாகும், போன மாதம் வந்தது ஓராண்டு தாங்கும். ஆகவே காலாவதித் தேதி பார்த்து, முதலில் கெடுவதை முன்வரிசைக்குக் கொண்டுவந்தோம். எதிர் நிறுவனத்துக்காரரும் நானும் பேச்சே இல்லாமல் பெட்டிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம், அப்படி ஒரு இசைவு. நடுவில் அவர், “உங்களிடம் இரவு வேலைக்குத் தனிப்படி உண்டா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பக்கத்து மேலாளர்களும் எங்கள் நடுவே வந்து நின்று பெட்டி தூக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுவரை அவர்கள் ஒரு பெட்டியும் தூக்கவில்லை.

ஐந்தாம் இருக்கை:
நேர்கோடு இவ்வளவு சொன்னவர் வருகைப் பதிவைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை? எங்கள் அலுவலகத்தில் “விருப்பமுள்ளவர்கள் வரலாம்” என்றுதான் அறிவிப்பு. நான் போகவில்லை. திங்கட்கிழமை, வராததற்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. பார்வையற்ற மாணவர் ஒருவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன், பல ஆண்டுகளாகச் செய்வதுதான் என்று பதில் அனுப்பினேன். மறு மின்னஞ்சல் உடனே வந்தது: “மிக்க மகிழ்ச்சி. அந்த மணிநேரத்தை நம் நிறுவனத்தின் சேவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா? மாணவரோடு எடுத்த படம் இருந்தால் அனுப்பவும்.”