ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயில் போறோம், காட்டுக்குள்ள ஒரு அவசரம்னா யார்ட்ட சொல்லணும்?

தென்காசிரோட்டுக்காரன்:
அண்ணாச்சிமாரே, இந்த வருசம் ஆடி அமாவாசைக்கு காரையார் போய் ரெண்டு நாள் குடில் போட்டு தங்கலாம்னு இருக்கோம். கூட 68 வயசுல அப்பா, சின்னப் பிள்ளைய ரெண்டு பேரு. கோயில் இருக்கது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள, பாபநாசம் செக்போஸ்ட் தாண்டுனா டவரும் சரியா கிடைக்காதுங்காவ. ராத்திரி பாம்பு கடிச்சாலோ ஆத்துல யாரும் மாட்டுனாலோ எங்க ஓடுறது? அம்மா பயந்துபோய் வேண்டவே வேண்டாங்கா.

விகேபுரத்தான்:
தாராளமா வாங்க. எங்க மச்சான் அங்கதான் வேட்டைத் தடுப்புக் காவலரா இருக்காரு. டவர் இல்லன்னாலும் அவுகட்ட வாக்கிடாக்கி உண்டு, அதனால என்ன ஆனாலும் மொதல்ல பக்கத்துல நிக்க காக்கிச்சட்டைட்ட சொல்லுங்க, நீங்களா காரத் தேடி ஓடாதீய. பாம்ப விட எனக்கு ஆத்தப் பத்திதான் பயம். கோயில் பக்கம் வெயில் சுள்ளுன்னு அடிக்கும், மேல பொதிகையில மழை பெஞ்சிருக்கும், தண்ணி லேசா கலங்கி சருகும் சுள்ளியும் மிதந்து வந்துச்சுன்னா துணிமணிய பாக்காம கரையேறிருங்க. ஒருவாட்டி அப்படி நடு ஆத்துப் பாறையில ஒரு பையன் மாட்டிக்கிட்டான், மச்சானும் இன்னும் ரெண்டு பேரும் கயித்தக் கட்டி இறங்கி இழுத்துட்டு வந்தாவ, கயிறு உரசி மச்சானுக்கு உள்ளங்கைத் தோலே உரிஞ்சிபோச்சு, ஒரு வாரம் அக்காதான் சோறு பிசைஞ்சு ஊட்டிவிட்டா. பாறையில குதிக்காதலேன்னு அவன்ட்ட காலையிலயே ரெண்டு தடவ சொல்லிருக்காரு. அதத்தான் இன்னைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு.

அம்பை நர்ஸக்கா:
தம்பி, குடில்ல வெறுந்தரையில மட்டும் யாரையும் படுக்க வைக்காதீங்க. கட்டுவிரியன் ராத்திரி தூங்கும்போதுதான் கடிக்கும், வலியே தெரியாது, விடியக்காலம் வயிறு வலிக்கு, கண்ணு சொக்குதுன்னு சொல்லுவாங்க, தூக்கக்கலக்கம்னு நினைச்சிராதீங்க. மடக்குக் கட்டில் இல்லன்னா கொசுவலைய பாய்க்கு அடியில நல்லா சொருகிட்டு படுங்க. கடிச்சிருச்சுன்னா இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, நடக்க விடக் கூடாது. மணி என்னன்னு பாத்து வைங்க, 108ல அம்பாசமுத்திரம் ஜிஎச் வந்துருங்க. பாம்ப அடிச்சுத் தூக்கிட்டு வர வேண்டாம், ரத்தத்த கண்ணாடிக் குழாய்ல எடுத்து 20 நிமிசம் ஆடாம வச்சு சரிச்சுப் பாப்போம், உறையலன்னா கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மாதிரி ரத்தத்தக் கெடுக்க விசம் ஏறிருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சிரும்.

பொதிகையடி:
திருவிழா சமயம் தீயணைப்புக்காரவுக, மெடிக்கல் கேம்ப் எல்லாம் இருக்கும், போனதும் எங்கன்னு பாத்து வச்சுக்கோங்க. இருட்டுனப்புறம் கூட்டத்த விட்டு ஒதுக்குப்புறமா போகாதீய, கரடியும் யானையும் நடமாடுற எடம். மிச்சச் சோத்த குடில் பக்கம் கொட்டுனா பன்னியும் குரங்கும் வரும், அதுக்கும் அந்தப் பாவப்பட்ட காவலருதான் ராவெல்லாம் முழிச்சுக் கெடந்து விரட்டணும்.

தென்காசிரோட்டுக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. எல்லாத்தையும் அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன், கொசுவலை ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லிட்டா.