மழைக்குப் படுத்துவிடும் அக்கிலியா: உரம் போதவில்லையா?

கந்தப்பளைக்காரி:
போன வருஷம் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனப்போ ஒரு நர்சரியில் அக்கிலியா வாங்கி வந்து வாசல் பாத்தியில் வைத்தேன். ஆங்கிலத்தில் ‘யாரோ’ (yarrow) என்றும் சொல்வார்களே, சீவல் சீவலாக இலை, குடை மாதிரி வெள்ளைப்பூ, அதுதான். ஜனவரிப் பனியில் டேலியா எல்லாம் கருகியும் இது அசையவே இல்லை. ஆனால் ஜூன் மழை பிடித்ததும் தண்டு இடுப்பு உயரம் வளர்ந்து, பூவோடு மண்ணில் படுத்துவிட்டது. நடுவில் இலை அழுகுகிறது. மாட்டெரு மாதா மாதம் போடுகிறேன். இன்னும் கூட்ட வேண்டுமா?

பூப்பாத்தி:
தங்கச்சி, எருவை முதலில் நிறுத்துங்க. நான் பங்களாத் தோட்டத்தில் பூ வேலை பார்க்கிறவன், இந்தச் செடி மேல எனக்குத் தனிப் பிரியம். ஐரோப்பாவில் மேய்ச்சல் தரையிலும் ரோட்டோரத்திலும் தானா முளைக்கிறது இது. மைனஸ் 30 பாகையில் மேல காய்ஞ்சாலும் அடியில் வேர்த்தண்டு உயிரோட இருக்கும். நம்ம பனி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. இங்க அதைக் கொல்றது ஈரம். மண் கொழுத்தா தண்டு நீளும், உள்ளே வலுவிருக்காது, ஒரு மழைக்கே சாயும்.

மழை விட்ட நாளாப் பார்த்து மண் கிளறுற முள்ளால கிளப்பிப் பாருங்க. நடுக்கட்டை கறுத்து, நசுக்கினா நீர் விடும். அதைத் தூக்கிப் போடுங்க. ஓரத்தில் வெளிறின வேர்த்தண்டு படுத்த வாக்கில் ஓடி, நுனியில் சின்ன இலைக்கொத்தோட நிற்கும். அந்த ஓரத் துண்டுகள்தான் உங்க புதுச் செடி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருக்கா இப்படிப் பிரிச்சு வைக்கணும். தண்ணி வடியுற கான் ஓரமா ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, சரளை கலந்து, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்க. காலை வெயில் தடையில்லாம விழணும். சவுக்கு நிழல் வேண்டாம். நம்ம மண் புளிப்பு; தேயிலைக்குப் போடுற டொலமைட் சுண்ணாம்புத் தூள் ஒரு கைப்பிடி போதும். தண்டு ஒரு அடி வந்ததும் பாதியா வெட்டிடுங்க. கிளைச்சு, குட்டையா நின்று பூக்கும்.

வெலிமடைப் பக்கம்:
எங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை காய்ஞ்ச காத்துதான், அதில் இது ராஜாவா நிற்குது. தொல்லை வேற: பக்கத்துப் போஞ்சிப் பாத்திக்குள்ள வேர் ஓடிடுச்சு. சுற்றித் தகரம் புதைச்ச பிறகுதான் அடங்கிச்சு. விதை போடுறவங்க மேல மண் மூடாதீங்க, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்.

கந்தப்பளைக்காரி:
நன்றி அண்ணே. கான் ஓரத்துக்கே மாற்றுகிறேன். வீட்டில் நாய்க்குட்டி இருக்கு, இலையைக் கடிக்குது, பரவாயில்லையா? பக்கத்து வீட்டு அக்கா வேற கஷாயம் வைக்க இலை கேட்கிறாங்க.

பூப்பாத்தி:
நாய்க்கு ஆகாது தங்கச்சி. நிறையத் தின்னா வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பூனைக்கும் அப்படித்தான். மேட்டைச் சுற்றிக் கம்பி கட்டுங்க. அக்கா கர்ப்பமா இருந்தா, இல்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுத்தா, குடிக்கவே கூடாது. செவ்வந்திக் குடும்பம் என்கிறதால சிலருக்குத் தொட்டாலே தோல் தடிக்கும். டாக்டரைக் கேட்காம இலை கொடுக்காதீங்க. பூ வேணும்னா தாராளமா வெட்டிக் கொடுங்க, தலைகீழாக் கட்டி நிழலில் காய வைத்தா சாமி மேடைக்கு மாசக்கணக்கா இருக்கும்.