இனி தேறாது என்று தெரிந்த பெட்: ஐசியு அனுபவங்கள் (ஐசியு ஊழியர்களின் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

நைட் டூட்டி

பெங்களூரு ஐசியுக்களில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு 'மேக்ஸ் சப்போர்ட்' பெட் (மருந்தும் மெஷினும் உச்சத்துல ஓடற பேஷன்ட்) எப்படி இருக்கும்னு விளக்க வேண்டியதில்லை. செப்சிஸ், கிட்னி போயாச்சு, லிவர் போய்க்கிட்டிருக்கு, பிபியை ஏத்துற மருந்துகள்ல வாசோபிரசின் நிமிஷத்துக்கு 0.03 யூனிட்டில் ஓடுது, நார்அட்ரினலின் ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 1 மைக்ரோகிராம். கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மா, 60 கிலோ.

நார்அட்ரினலின் 8 மில்லிகிராமை 50 மில்லியில் கலந்தா இந்த டோஸுக்கு மணிக்கு 22.5 மில்லி. ஒரு சிரிஞ்சு இரண்டேகால் மணி நேரத்துக்குள்ள காலி. சிரிஞ்சை மாத்துற நேரத்துல பிபி பாதியா விழும். அதனால இன்னொரு பம்புல புதுசை முதல்ல ஓட விட்டு, பிபி கொஞ்சம் ஏற ஆரம்பிச்சதும் பழசை நிறுத்தணும். நைட்ல இது ஒண்ணுக்கே ஒரு ஆள் வேணும்.

இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிறது அந்தம்மாவோட கால் விரல்கள். முதல்ல நீலம், அப்புறம் கறுத்து, நுனி காஞ்சு போச்சு. விரலுக்கு மேல வீக்கம், அந்த வீக்கத்துக்குள்ள மெட்டி பதிஞ்சிருந்தது. கழட்டியாகணும். மகள் ஒரே பிடியா, "எங்கப்பா உயிரோட இருக்கார், மெட்டியைக் கழட்டாதீங்க"ன்னு நிக்கிறா. மெட்டி பெரும்பாலும் முழு வளையமா இருக்காது, அடியில பிளவு இருக்கும். ஜெல்லி தடவி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மூடினபடியே பிளவுல நுழைச்சு மெதுவா விரிச்சா இழுக்காம வந்துடும். இழுத்தா கறுத்த தோல் அப்படியே உரிஞ்சு வரும். கழட்டின ரெண்டையும் மஞ்சள் கயித்துல கோத்து கணுக்கால்ல தளர்வா கட்டினதும்தான் அந்தப் பொண்ணு உட்கார்ந்தா.

விரல்ல எஸ்பிஓ2 (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) எடுக்கலேன்னா காதுமடலுக்கு மாத்துங்க. ஸ்கிரீன்ல வெறும் கோடு தெரிஞ்சாலே வீட்டாளுங்க உயிர் போயிடுச்சுன்னு நினைச்சுடறாங்க.

ஆர்டி பிரதர்

மெட்டி விஷயம் சரி சிஸ்டர். எனக்கு உறுத்துவது வேறு. வென்டிலேட்டரை எடுப்பது என்று முடிவாகி, குடும்பம் கையெழுத்துப் போட்டு, டியூபை எடுக்கும் நேரம். பேஷன்ட் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "நிம்மதியாத்தான் இருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பம்பைப் பார்த்தால் தசைகளை அசையவிடாத வெக்குரோனியம் அப்போதுதான் நிறுத்தப்பட்டிருந்தது. கிட்னி வேலை செய்யாதவருக்கு அது சீக்கிரம் இறங்காது. மூச்சுத் திணறினாலும் முகம் சுளிக்க முடியாத ஒருவரை 'நிம்மதி' என்று எழுத இருந்தார்கள். அன்றைக்கு நிறுத்தி வைத்து, நரம்பைத் தூண்டித் தசைத் துடிப்பை எண்ணும் டிஓஎஃப் பார்த்து, நான்கு துடிப்பும் திரும்பிய பிறகுதான் மேலே போனார்கள்.

வரிசை இதுதான். தசையை முடக்கும் அந்த ரிலாக்சென்ட் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். ஃபீட் பல மணி நேரம் முன்பே நிறுத்தி, ரைல்ஸ் டியூபை (மூக்கு வழி உணவுக் குழாய்) உறிஞ்சிக் காலி செய்ய வேண்டும். மார்ஃபின் 2 முதல் 5 மில்லிகிராம் ஐவி, தேவைப்பட்டால் மிடாசோலம் 1 முதல் 2, இவை டியூபை எடுப்பதற்கு முன்னால். பின்னால் அல்ல. ஆர்டரில் 'தேவைப்பட்டால்' என்று மட்டும் இருந்தால் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பிபி ஏற்றும் மருந்துகளை நிறுத்தி, ஆக்சிஜனை 21 சதவீதத்துக்கும் பீப்பை (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5-க்கும் இறக்கி, மூச்சு எண்ணிக்கை, கழுத்துத் தசை இழுப்பு, மூக்கு விரிவு மூன்றையும் பாருங்கள். திணறல் தெரிந்தால் அங்கேயே நின்று, இன்னொரு டோஸ் கொடுத்து, அடங்கிய பிறகே அடுத்த படி. அலாரத்தை அறையில் அணைத்துவிட்டு சென்ட்ரல் ஸ்டேஷனில் மட்டும் பாருங்கள். ஐசிடி (நெஞ்சுக்குள் பொருத்திய, ஷாக் தரும் கருவி) வைத்தவர் என்றால் அதை முன்பே செயலிழக்கச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் ஷாக் அடித்துக்கொண்டே இருக்கும்.

தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் ஆழமாக சக்‌ஷன் போடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கிளைகோபைரோலேட் 0.2 மில்லிகிராம். ஏற்கெனவே தேங்கிய சளியை அது எடுக்காது, புதிதாகச் சுரப்பதைத்தான் குறைக்கும். ஆகவே சத்தம் தொடங்கும்போதே கொடுக்க வேண்டும்.

ஓசூர் ரோடு

நீங்க ரெண்டு பேரும் சொல்றது முறையா நடக்கிற இடம். பாதி பேர் போறது லாமாவுலதானே (டாக்டர் சொன்னதை மீறிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறது)? "காசு தீந்துடுச்சு, ஊர்ல போய் மூச்சு அடங்கட்டும்"னு தர்மபுரிக்குக் கிளம்பறாங்க.

ஒரு ஆம்புலன்ஸ், ஒரு அம்பு பேக் (கையால அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பை), ஒரு பி டைப் சிலிண்டர். முழுசா நிரம்பின பி டைப்புல 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா 150 நிமிஷம். தர்மபுரி 130 கிலோமீட்டர்தான், ஆனா சில்க் போர்டுலயும் எலக்ட்ரானிக் சிட்டியிலயும் அத்திப்பள்ளி டோல்லயும் எவ்வளவு நேரம் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? அன்னைக்கு அந்த வண்டியில கேஜ் பாதியில நின்னது, கிளம்பறப்ப யாரும் பாக்கல. ஓசூர் தாண்டினதும் பையன் அம்பு பேக்கை அழுத்திக்கிட்டே, "சிஸ்டர், காத்து வர்ற சத்தம் நின்னுடுச்சு"ன்னு போன் பண்றான்.

அனுப்புறவங்க செய்ய வேண்டியது: சிலிண்டர் ரெண்டு, கேஜை நம்ம கண்ணால பாக்கணும். பம்ப் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும்னு பிளக்கை எடுத்துப் பாக்கணும். நார்அட்ரினலின் நிரப்பின சிரிஞ்சு கூடுதலா ரெண்டு. இல்ல, அதை நிறுத்தித்தான் அனுப்பறாங்கன்னா லிஃப்ட்லயே முடிஞ்சுடலாம்னு வீட்டாளுங்ககிட்ட முன்கூட்டியே சொல்லணும். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து இல்லாம அனுப்பறதுதான் இதுல பெரிய கொடுமை. சாகப்போறவர்னு தெரிஞ்சே அனுப்பறோம், சம்மரியில பாராசிட்டமால் எழுதியிருக்கு.

கம்மனஹள்ளி

வாய்வழி 'நோ கோட்' (ஹார்ட் நின்னா சிபிஆர் வேண்டாம்னு வாயால மட்டும் சொல்றது) பத்தி யாரும் பேசலையே. சாயந்திரம் கன்சல்டன்ட் கவுன்சலிங் ரூம்ல குடும்பத்தோட பேசிட்டு, வெளிய வந்து "ஹீரோயிக்ஸ் வேண்டாம்"னுட்டுப் போயிடறார். ஃபைல்ல ஒரு வரி இல்ல. ராத்திரி மூணு மணிக்கு ஹார்ட் நின்னுச்சு. ட்யூட்டி டாக்டர் புதுசு, ஃபைலைப் புரட்டினார், ஃபுல் கோட் (எல்லா முயற்சியும் செய்யணும்). ஏறி அழுத்த ஆரம்பிச்சாங்க. 82 வயசு, எலும்பும் தோலும். 5 சென்டிமீட்டர் இறங்கணும்னா மூணாவது நாலாவது அழுத்துலயே விலா உடையற சத்தம் கை வழியாவே தெரியும். கதவுக்கு வெளிய நின்ன மருமகன், "வேண்டாம்னு சொன்னோமே, வேண்டாம்னு சொன்னோமே"ன்னு அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

இந்த மாதிரி நேரத்துல ஸ்லோ கோட் தப்பில்லங்கிறது என் கருத்து. மெதுவா போய், மெதுவா அழுத்தி, ரெண்டு சைக்கிள்ல முடிச்சுடறது. எல்லாரும் செய்யறதுதான்.

எட்டாம் பெட்

கம்மனஹள்ளி அக்கா, கோவிச்சுக்காதீங்க, ஸ்லோ கோட் தப்புதான். சிபிஆர்னா நிமிஷத்துக்கு 100-120, அல்லது கிடையவே கிடையாது. நடுவுல இருக்கிறது நாடகம். அந்த நாடகத்துல கையெழுத்து சிஸ்டரோடது. சார்ட்ல 'சிபிஆர் 20 நிமிஷம்'னு எழுதி, யாராவது சிசிடிவி கேட்டா யார் பதில் சொல்றது? எழுதாத டாக்டர் வீட்ல தூங்கறார். கவுன்சலிங் ரூமுக்கு ஒரு சிஸ்டர் கூடவே போகணும், என்ன பேசினாங்கன்னு நர்சிங் நோட்ஸ்ல நேரத்தோட எழுதணும். ஷிஃப்ட் மாறும்போது டாக்டர் கையெழுத்து இல்லேன்னா பொறுப்பை வாங்காம, ட்யூட்டி டாக்டரை உடனே கன்சல்டன்ட்டுக்குப் போன் போட வைக்கணும். இதுக்குச் சண்டை வரும். வரட்டும்.

கம்மனஹள்ளி

சண்டை போடறதெல்லாம் சீனியருக்குச் சரி. ரெண்டு வருஷ அனுபவத்துல, பாண்டு எழுதிக் கொடுத்திருக்கிற பொண்ணு எங்க போய்ச் சண்டை போடுவா?

ஃபைல் பார்ப்பவர்

மூளைச்சாவு உறுதியாகி, உறுப்பு தானத்துக்குக் குடும்பம் மறுத்த பெட் ஒன்று. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து எழுதியாகிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலை ரவுண்ட்ஸில் சோடியம் திருத்தினார்கள், ஆன்டிபயாடிக் மாற்றினார்கள், பிசியோதெரபி நடந்தது. அனுபவம் என்று என் பங்குக்கு அவ்வளவுதான்.

மேலே பேசியவர்கள் எல்லோரும் சட்டத்தை மறந்துவிட்டதால் அதைச் சொல்கிறேன். உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது சட்டவிரோதம் என்று இன்னும் சில கன்சல்டன்ட்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் தாக்குதலுக்கு ஆளாகி நினைவின்றிக் கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் கொள்கையளவில் அனுமதித்தது, ஒவ்வொன்றுக்கும் உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்றது. (அவரை 1973-லிருந்து 2015-இல் நிமோனியாவில் இறக்கும்வரை பார்த்துக்கொண்ட அந்த மருத்துவமனை நர்ஸ்கள் நிறுத்தக் கூடாது என்றே நின்றார்கள். நர்ஸ் என்றாலே 'எடுத்துவிடு' என்பார்கள் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கட்டும்.) 2018 மார்ச் 9 தீர்ப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போகும் தேவையை எடுத்தது. ஆனால் அதில் இருந்த நடைமுறையை எந்த ஐசியுவாலும் பின்பற்ற முடியவில்லை. 2023 ஜனவரி 24-இல் அதை எளிதாக்கினார்கள்.

இப்போது இப்படி: மருத்துவமனையே பிரைமரி போர்டு அமைக்கும். சிகிச்சை தரும் டாக்டர், கூட குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள். இயன்றவரை 48 மணி நேரத்தில் கருத்து. பிறகு செகண்டரி போர்டு: மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டர், முதல் போர்டில் இல்லாத இரண்டு நிபுணர்கள். இதற்கும் 48 மணி நேரம். குடும்பத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம். நடைமுறைப்படுத்தும் முன் ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல். அனுமதி கேட்பது அல்ல, தகவல் மட்டும். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி 30-இல் இதற்கான சுற்றறிக்கையே போட்டுவிட்டது. 'எங்கள் மாநிலத்தில் இல்லை' என்று பெங்களூரில் இனி சொல்ல முடியாது.

டிஎன்ஏஆர் தனி. ஐசிஎம்ஆர் 2020-இல் வழிகாட்டி கொடுத்திருக்கிறது. நெஞ்சு நின்றால் அழுத்த வேண்டாம் என்பது மட்டுமே அதன் பொருள். ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், ஃபீட், இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைப்பது எதுவும் நிற்காது. டிஎன்ஏஆர் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டில் வாய் துடைப்பதையே விட்டுவிடும் வார்டுகள் இருக்கின்றன.

இன்னொன்று. குடும்பத்திடம் "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் "எல்லாம் செய்யுங்க" என்றுதான் வரும். பெற்றவரைக் கொல்லச் சொல்லி எந்த மகன் வாயைத் திறப்பான்? 72 மணி நேரம் பார்ப்போம், அதற்குள் நார்அட்ரினலின் பாதியாக வேண்டும், லாக்டேட் இறங்க வேண்டும், இல்லையென்றால் வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை என்று முதல் நாளே அளவு வைத்துப் பேச வேண்டும். மூன்றாம் நாள் அதே டாக்டர் வந்து பேச வேண்டும். வேறொருவர் வந்து "டயாலிசிஸ் போட்டுப் பார்க்கலாம்" என்று தொடங்கினால் எல்லாம் பழையபடி.

நைட் டூட்டி

டயாலிசிஸ்னு சொன்னீங்களே. நான் சொன்ன அந்தம்மாவுக்கும் சிஆர்ஆர்டி (நிக்காம ஓடுற டயாலிசிஸ்) போட்டாங்க. 5 லிட்டர் பை, மணிக்கு ஒன்றரை லிட்டர் ஓட்டினா மூணு மணி நேரத்துக்கு ஒரு பை. ஃபில்டர் உறைஞ்சு போனா உள்ள இருக்கிற ரத்தமும் போச்சு. ஹீமோகுளோபின் இறங்கிச்சுன்னு ஒரு யூனிட் ஏத்தறாங்க.

அதோட, இடுப்புக்குக் கீழ வர்ற அந்தப் புண் பத்தி யாராவது எழுதுங்க. காலைல திருப்பும்போது தோல் சுத்தம். சாயந்திரம் பேரிக்காய் வடிவத்துல கருஞ்சிவப்பா, நடுவுல கறுத்து. ஏர் மேட்ரஸ் இருந்துச்சு, திருப்பின நேரமெல்லாம் சார்ட்ல இருக்கு. ஆனாலும் இன்சிடென்ட் ரிப்போர்ட், விளக்கக் கடிதம்.

எட்டாம் பெட்

அது கென்னடி அல்சர். 1989-லயே விவரிச்சிருக்காங்க. உடம்பு ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கிட்டு தோலைக் கைவிடறப்போ வர்றது, திருப்பாததால வர்றதில்ல. ரிப்போர்ட்ல 'சாக்ரல் பிரஷர் இன்ஜூரி'ன்னு மட்டும் எழுதாதீங்க. எத்தனை மணிக்கு முதல்ல பாத்தது, எவ்வளவு நேரத்துல பரவுச்சு, அப்போ பிபி ஏத்துற மருந்து என்ன டோஸ், ஆல்புமின் எவ்வளவு, எல்லாத்தையும் எழுதி போட்டோவும் வையுங்க. டிரெஸ்ஸிங்கைத் தினமும் பிரிக்கணும்னு இல்ல. நாத்தமோ கசிவோ இல்லேன்னா ஃபோம் டிரெஸ்ஸிங்கை விட்டுடலாம், ஒவ்வொரு தடவை திருப்பறதும் அவங்களுக்கு வலி.

அல்சூர்

புதுசா சேர்ந்திருக்கேன். ஒரு சந்தேகம். வென்டிலேட்டர்ல இருக்கிற தாத்தாவுக்குக் கங்கா தீர்த்தம் வாயில விடணும்னு பாட்டி கேக்கறாங்க. சீனியர் முடியவே முடியாதுங்கறாங்க. விடலாமா?

ஆர்டி பிரதர்

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடலாம், ஊற்றக் கூடாது. தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி, கஃப் பிரஷர் (டியூபைச் சுற்றியுள்ள பலூனின் அழுத்தம்) 25-30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு இருக்கிறதா என்று மானோமீட்டரில் பாருங்கள். வாயையும் தொண்டையையும் முதலில் சக்‌ஷன் செய்யுங்கள். தீர்த்தத்தில் மவுத் ஸ்வாபை நனைத்து, பிழிந்து, பாட்டி கையிலேயே கொடுங்கள். உதட்டிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தொடட்டும், டியூப் ஓரத்தில் வேண்டாம். முடிந்ததும் இன்னொரு முறை வாயை சக்‌ஷன். பால் கேட்டால் அதற்கும் இதே முறைதான், ஆனால் பிறகு வாயைத் துடைத்துவிடுங்கள்.

ஓசூர் ரோடு

லாமா பத்தி விட்டுப்போன ஒண்ணு. வழியிலேயே உயிர் போயிட்டா, ஓடுற வண்டியில நடந்த சாவை வண்டி முதல்ல நிக்கிற இடத்துலதான் பதியணும், சொல்ல வேண்டியது வண்டிக்குப் பொறுப்பானவர். 21 நாளுக்குள்ள. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுன்னா உள்ளூர் டாக்டர் 4ஏ படிவம் (மரணக் காரணச் சான்று) கொடுக்கணும், நம்ம சம்மரியில நோய் விவரம் தெளிவா இல்லேன்னா அவர் கையெழுத்துப் போட மாட்டார். 'செப்சிஸ்' மட்டும் போதாது. எதுல ஆரம்பிச்சு எது போச்சுங்கிற வரிசை வேணும், சம்மரி ரெண்டு காப்பி, ஒண்ணு டிரைவர்கிட்ட.